கண்ணாடியைத் தட்டாதீர்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லக்கா, கையெழுத்து போடுங்க" என்று சொன்னவன் நான்தான். ஏழு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். முதல் பக்கத்தைப் படித்தேன், கடைசிப் பக்கத்தைப் படித்தேன். நடுவில் இருந்த ஐந்தையும் கட்டை விரலால் விசிறிவிட்டு மூடினேன். அன்றைக்குக் கடையில் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் நிரப்ப ஒரு பட்டாளமே நின்றிருந்தது, கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. இதெல்லாம் காரணம் இல்லை, சாக்கு. தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனை ஆரணியில் தெருவே வக்கீலாக்கி வைத்திருக்கிறது. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. முழுசாகப் படிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கையெழுத்துப் போட்டவர்கள் பரசுராமன் அண்ணனும் அவர் சம்சாரம் புஷ்பலதா அக்காவும். கடையிலிருந்து நாலாவது வீடு. கூடத்தில் இரண்டு தறி, ஒன்றில் அவர், ஒன்றில் அக்கா. அண்ணன் வாயைத் திறந்து பேசி நான் பார்த்தது குறைவு. அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசும். ஒரே பெண் காவ்யா, காலேஜ் முதல் வருஷம்.

படவேட்டைத் தாண்டி மலை ஓரமாகத் தனியார் ஒருவர் புதிதாக ஒரு மிருகக்காட்சி சாலை கட்டிக்கொண்டிருந்தார். நாலு மான், இரண்டு முதலை, கிளிக்கூண்டு, ஒரு கிழட்டு நரி. இதைப் பார்க்க யார் காசு கொடுத்து வருவார்கள்? அதனால் 'பட்டு உலகம்' என்று பெரிய கூடம் ஒன்றும் கட்டினார்கள். மிருகம் பார்க்க வருகிற பிள்ளைகள் ஒரு பாடமும் படித்துக்கொண்டு போகவேண்டுமாம். அந்தக் கூடத்தை வடிவமைத்துத் தருகிற வேலையைச் சென்னைக் கம்பெனி ஒன்று எடுத்திருந்தது. அந்தக் கம்பெனி ஆள்தான் உதயா. முப்பது வயது இருக்கும். மாசி மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தான்.

"புழுவுல இருந்து புடவை வரைக்கும் ஒரே ஹால்ல காட்டறோம் மேடம். கடைசியா நிஜத் தறி, நிஜ நெசவாளர். நீங்க நெய்யணும், பசங்க கேள்வி கேட்டா பதில் சொல்லணும். அவ்ளோதான்."

அண்ணன் சம்பளம் கேட்டார், தங்க ரூம் உண்டா என்று கேட்டார். அக்கா கேட்டது ஒன்றுதான்.

"பதில் நான் சொல்லணுமா?"

"ஆமா மேடம். நீங்கதான் டீச்சர்."

அந்த ஒரு வார்த்தையில் அக்கா விழுந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் எங்கள் தெருவுக்கு வராமல் இல்லை. கார் வரும், வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். அக்கா என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்று இருபது வருஷத்தில் ஒருவன் கேட்டது கிடையாது.

அதற்கப்புறம் பத்து நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கடைக்கு வந்து அக்கா ஒத்திகை பார்த்தது. கையில் நாலைந்து பட்டுக்கூடு வைத்துக்கொண்டு, என்னையே எல்கேஜி பிள்ளையாக்கி உட்கார வைத்துவிடும்.

"பிரபா, பாரு. ஒரு கூடு, ஒரே நூலு. அறுக்காம இழுத்தா இங்கிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவும். இப்ப கேளு."

"இன்னா கேக்கறது?"

"கொழந்த கேக்கறா மாரி கேளுடா, மரமண்ட."

வீட்டில் இருந்த இரண்டு தறியில் அக்காவுடைய தறியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். பூ வேலைக்கான ஜக்கார்டுப் பெட்டி இல்லாத தறி, அதில் சின்னக் கட்டம் போட்ட புடவைக்கு நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூல். அங்கே சிமெண்டுத் தரையில் கால் மிதிக்கக் குழி வெட்ட முடியாதென்று மரத்தில் மேடை போட்டு அதன்மேல் தறியை நிறுத்தினார்கள். பங்குனியில் கூடம் திறந்தது. ஜூவுக்கு செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்கு மட்டும் இருவரும் வீட்டுக்கு வருவார்கள். முதல் மூன்று செவ்வாய் அக்கா என் கடைக்கு வந்து மூச்சு விடாமல் பேசியது. செய்யாறிலிருந்து வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்ன கேட்டன, எந்த வாத்தியார் திருதிருவென்று முழித்தார், எல்லாம் நடித்துக் காட்டியது. நாலாவது செவ்வாய் கடைக்கு வரவில்லை. ஐந்தாவது செவ்வாய் தெருவில் பார்த்துக் கேட்டேன்.

"நல்லாதான் கீது" என்றது. நிற்காமல் போய்விட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தெருவில் எல்லாருக்கும் போய்ப் பார்க்க ஆசை. ஆனால் தறியை விட்டுவிட்டு எப்படிப் போவது? வைகாசி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. அமாவாசையன்று எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்காது. தலை முழுகி, தறிக்குக் கற்பூரம் காட்டி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டால் அவ்வளவுதான், அன்றைக்கு ஒருவனும் தறிமேல் கை வைக்க மாட்டான். இந்த யோசனையைச் சொன்னது விருத்தாம்பாள். பரசுராமன் அண்ணனுக்கு உடன்பிறந்த அக்கா, நாக்கில் வசம்பு தடவாமல் வளர்ந்தவள்.

"அமாவாசன்னா அதுங்களுக்கும் தறி கெடையாது. சும்மாதான் குந்திகினு இருக்கும். போயி ஒண்ணா துன்னுட்டு, பேசிட்டு வரலாம்."

தெருவே ஆமாம் என்றது. நானும்தான். எங்கள் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது. ஜூக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன, அமாவாசை என்றால் என்ன என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

ஒரு மினி லாரியில் ஜமுக்காளம் விரித்து இருபத்திரண்டு பேர் ஏறினோம். நெசவாளர் சங்கத் தலைவர் அருணகிரி, வயது எழுபது, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் புளிச்சோறு அண்டா, வாழைக்காய்ப் பொரியல், வடை, தண்ணீர் கேன். காவ்யா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவுக்குச் சொல்லவில்லை, திடீரென்று போய் நிற்கப் போகிறோம் என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். கண்ணமங்கலம் தாண்டும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தவாசலில் இறங்கி ஆளுக்கொரு நுங்கு சாப்பிட்டோம்.

பொய் சொல்லக்கூடாது, அந்தக் கூடத்தை நன்றாகத்தான் செய்திருந்தான் உதயா. வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பட்டுப்புழு, ஃபைபரில். பிள்ளைகள் அதன் வாய் வழியாக நுழைந்து உள்ளே தவழ்ந்து போகலாம். புழுவின் வயிற்றுக்குள் நூல் ஊறுகிற பை எங்கே இருக்கிறது என்று பச்சை விளக்கு எரிந்து காட்டியது. அதற்கப்பால் தட்டுத் தட்டாக நிஜப் புழுக்கள், அவை முசுக்கொட்டை இலையைக் கடிக்கிற சத்தத்தை மைக் வைத்துப் பெரிதாக்கியிருந்தான், மழை பெய்கிற மாதிரி கேட்டது. இத்தனை வருஷம் பட்டோடு புழங்கிய ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே மாதிரி பச்சைப் பலகை. பெயர், வாழிடம், உணவு, பழக்கம், நிலை. வெளியே முதலைக் குட்டைக்கும் கிழட்டு நரிக்கும் வைத்திருந்த அதே பலகை.

கூட்டிலிருந்து நூல் எடுக்கிற இடத்தில் ஒரு பெரிய வெள்ளை அந்துப்பூச்சி பொம்மை இறக்கையை விரித்து மூடியது. கூட்டைச் சுடுதண்ணீரில் போடுவதைப் பற்றி அங்கே ஒரு எழுத்து இல்லை. 'பட்டுப்பூச்சி தன் நூலை நமக்குப் பரிசாகத் தருகிறது' என்று எழுதியிருந்தது. அருணகிரி அதைப் படித்துவிட்டு, "இது எந்த ஊர்ல?" என்றார்.

அதைத் தாண்டித் திரும்பினோம். அங்கே பெரிய கண்ணாடி.

தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே கண்ணாடி. முன்னால் ஐம்பது அறுபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். உள்ளே வெள்ளை விளக்கு. மேடைமேல் தறி, தறியில் பரசுராமன் அண்ணன். கை கயிற்றை இழுக்கிறது, நாடாக் கட்டை குறுக்கே ஓடுகிறது, கால் மிதிக்கிறது, அச்சு வந்து மோதுகிறது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. மூலையில் புஷ்பலதா அக்கா, தரையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"அமாவாசையும் அதுவுமா தறி மேல ஏறிக் குந்திகினு கீறான் பாரு!" என்று விருத்தாம்பாள் கத்தினாள். "அப்பன் பாட்டன் செஞ்ச வேலையாடா இது? கூலிக்கு மாரடிக்கப் போனா நாளு கெழம கூடவா மறந்து பூடும்?"

எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் முகம் செத்துவிட்டது. அருணகிரி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இரும்மா. கத்தாத. நாடால தார் இல்ல."

"இன்னா?"

"நூலு இல்ல நாடால. வெறும் நாடா ஓடுது. பொடவையப் பாரு, ஒரு இழ ஏறல."

எல்லாரும் பார்த்தார்கள். ஆமாம். துணி வளரவில்லை. நூலில்லாத நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். முப்பது வருஷம் புடவை நெய்த மனுஷன் நெய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற அறுபது பேரில் ஒருவனுக்கும் அது தெரியவில்லை, ஆளாளுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அவர்களை அறையலாம் போல இருந்தது.

கண்ணாடிக்குக் கீழே ஒரு பொத்தான். ஒரு சின்னப் பெண் அதை அழுத்தினாள். ஸ்பீக்கரில் சென்னைப் பெண் குரல் ஒன்று, தேன் ஒழுகப் பேசியது. "வணக்கம் குழந்தைகளே! நான்தான் நெசவாளி. பட்டுப்பூச்சி அன்போடு தந்த பரிசை நான் புடவையாக நெய்கிறேன்..."

காவ்யா பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விருத்தாம்பாளுக்கு எழுத்து தெரியாது. "இன்னாடி எழுதியிருக்குது?" என்றாள். காவ்யா படித்தாள். அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

"பெயர், பட்டு நெசவாளர். வாழிடம், ஆரணி, காஞ்சிபுரம் சுற்றுவட்டாரம். உணவு, அரிசிச் சோறு, கேழ்வரகுக் களி, கருவாடு. பழக்கம், அதிகாலையில் சுறுசுறுப்பாக இயங்குவர், கூட்டமாக வாழ்வர். நிலை, அருகி வருபவர். கண்ணாடியைத் தட்டாதீர்."

படித்து முடிக்கவும் பின்னால் நின்ற ஒரு ஆள் கையை நீட்டிக் கண்ணாடியைத் தட்டினான். தோளில் பிள்ளையை வைத்திருந்தான். "அந்த அம்மா திரும்பவே மாட்டேங்குது, தூங்குது போல" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, மறுபடி தட்டினான்.

விருத்தாம்பாள் அவன் கையைப் பிடித்து முறுக்கிவிட்டாள். "யோவ், இன்னா கொரங்குன்னு நெனச்சியா? அது எங்க ஊட்டுப் பொண்ணுய்யா!"

அந்தக் களேபரத்தில்தான் பரசுராமன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். தெருவே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. நடுவில் காவ்யா. அவர் கை நாடாக் கயிற்றில் அப்படியே நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வெளியே யாரோ, "ஏய், நின்னு போச்சு, நின்னு போச்சு" என்றார்கள்.

அக்கா அப்போதுதான் திரும்பியது. எங்களைப் பார்த்தது. எழுந்தது. பின்பக்கக் கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அழுதிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கண் காய்ந்து சிவந்திருந்தது. காவ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்குள் வாக்கி டாக்கியோடு உதயா ஓடி வந்தான்.

"மேடம், என்ன இது? விசிட்டர்ஸ் இருக்காங்க. வாங்க, உள்ள போய்ப் பேசிக்கலாம்."

"உள்ளயா? உள்ள இருந்துதான் வெளிய வந்துகீறேன். இங்கயே பேசு."

"இன்னிக்கு ஒரு நாள்தானே அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னேன்? சண்டே கிரவுடு. நெய்ய வேணாம், சும்மா ஆட்டுங்க போதும்னு உங்க நம்பிக்கைக்கு ரெஸ்பெக்ட் குடுத்துதானே சொன்னேன்?"

"மொதல்ல என் வாய மூடின. அப்பறம் கண்ணாடி வெச்ச. இன்னிக்கு என் ஊட்டுக்காரன கூத்தாட வெச்சிட்ட. இதுல எது தம்பி ரெஸ்பெக்டு?"

"குழந்தைங்க ஹர்ட் ஆனாங்க மேடம். ஒரு பேரன்ட் ஒரே ஒரு ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதிட்டாரு. அதனாலதான் கண்ணாடியும் வாய்ஸும்."

அக்கா எங்கள் பக்கம் திரும்பியது. எங்களுக்குச் சொல்கிற மாதிரி சொன்னது. குரல் ஏற ஏறக் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"இன்னா சொல்லிட்டேன் நானு? கூட்டுக்குள்ள கீற புழு அப்பறம் இன்னா ஆவும்னு ஒரு பொண்ணு கேட்டுது. ஆறு வயசு இருக்கும். வெந்நீர்ல போட்டு சாவடிச்சிட்டுத்தான் நூலு எடுப்பாங்க கண்ணுன்னு சொன்னேன். ஒரு பொடவைக்கு ஆயிரக்கணக்குல சாவுதுன்னு சொன்னேன். பொய்யா அது? பூச்சி வெளிய வந்தா கூடு ஓட்டையாப் பூடும், நூலு துண்டு துண்டாப் பூடும். அந்தப் பொண்ணு அழுதுது. அழட்டுமே. அழுது முடிச்சிட்டு கிட்ட வந்து நூல தொட்டுப் பாத்துது. இன்னும் நாலு கேள்வி கேட்டுது. அழுதது கொழந்த, புகார் எழுதினவன் அப்பன். மறுநாளே கண்ணாடி வந்துடுச்சு."

"சயின்ஸ் சொல்றதுக்கு ஒரு ஏஜ் இருக்கு மேடம்."

"டீச்சர்னு சொல்லித்தான தம்பி இட்டாந்த? போர்டுல இன்னா எழுதி வெச்சிகீற? நான் இன்னா துன்றேன், எப்ப எந்திரிக்கறேன்னு நரிக்கு எழுதினா மாரி எழுதிகீற!"

உதயாவின் முகம் கறுத்தது. அவன் கெட்டவன் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அதனால்தான். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். "அது டெம்ப்ளேட் மேடம்" என்றான். "ஜூ முழுக்க ஒரே டெம்ப்ளேட். அவமானப்படுத்தணும்னு இல்ல. உங்களைப் பெருமைப்படுத்தத்தான் இவ்ளோ செலவு பண்ணிருக்கோம்."

"பெருமையெல்லாம் நீயே வெச்சிக்க. நாங்க ஊட்டுக்குப் போறோம். என் தறிய குடு."

"தறியா?" உதயா போனை எடுத்தான், எதையோ தேடினான். "மேடம், தறி ஹாலோட ப்ராபர்ட்டி. அக்ரிமென்ட்ல இருக்கு. நாலாவது பேஜ். கொண்டு வர்ற தறியும் சாமானும் நிரந்தரக் காட்சிப் பொருள். நீங்க வேலைய விட்டுப் போகலாம், ஆனா தறி இங்கதான் இருக்கும். கையெழுத்து போட்டப்ப குடுத்த அட்வான்ஸே அதுக்குத்தான்."

நாலாவது பக்கம். நான் விசிறிவிட்ட பக்கம்.

அக்கா என்னைப் பார்த்தது. இருபத்தோரு பேர் இருந்த இடத்தில் சரியாக என்னைக் கண்டுபிடித்துப் பார்த்தது. "பிரபா, நீதான படிச்சே?"

"படிக்கலக்கா" என்றேன். "நடுவுல இருந்த பக்கத்த நான் படிக்கவே இல்ல. படிச்சா மாரி சொல்லிட்டேன்."

திட்டும் என்று நின்றேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் அங்கே இல்லாத மாதிரி பார்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதைவிடச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பிறகு எங்கள் ஆட்களைப் பார்த்துச் சொன்னது. "பதினாலு ஆம்பள கீறீங்க. அத்தினி பேருக்கும் தறி கழட்டத் தெரியும். அர மணி நேரம் போதும். வாங்க."

யாரும் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அருணகிரி தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு அமாவாசம்மா. தறி மேல கை வெக்கக் கூடாது. நாளைக்கு சங்கத்துல பேசி, ஒரு மனு எழுதிகினு, முறைப்படி வந்து..."

"நாளைக்கு வருவீங்களா மாமா? நாளைக்குத் தறி ஏறணுமே உங்களுக்கு. யாரு வருவா?"

"கோவப்படாத. நாளு பாத்து செய்யணும் எதையும்."

"எம் புருசன வேஷம் கட்டி ஆட்டி வெச்சிருந்தானே, அதப் பாத்து உங்க ஆளுங்க ரெண்டு பேரு சிரிச்சாங்களே, அதுக்கு எந்த நாளு பாத்தீங்க?"

அதற்கு மேல் அக்கா யாரையும் கூப்பிடவில்லை. பின்கதவு வழியாக உள்ளே போனது. காவ்யா கூடவே போனாள். நானும் போனேன், யாரும் கூப்பிடாமல்தான். நான் நெசவுக்காரன் இல்லை, எனக்கு அமாவாசை கணக்கு கிடையாது. இருந்திருந்தாலும் போயிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். எனக்குத் தெரியாது.

உள்ளே ஏசி ஓடியும் அண்ணன் வேர்த்துக் கிடந்தார். "வேணாம் புஷ்பா, போலீசு கீலீசு வந்துடும்" என்றார். அக்கா மேடைமேல் ஏறி மிதிக்கட்டைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தது. அவசரத்தில் பாவு ஒரு பக்கம் தொய்ந்தது, நாலைந்து இழை அறுந்தது. அதைப் பார்த்ததும்தான் அண்ணன் எழுந்தார். "தள்ளு. நீ அறுத்துடுவ" என்று சொல்லிவிட்டு, முகத்தை மூடியிருந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கையைப் பார்க்க வேண்டும். பாவோடு அச்சும் விழுதும் அப்படியே இருக்க, இழை சிக்காமல் சுருட்டி, நெய்த புடவை சுற்றியிருந்த படமரத்தோடு சேர்த்து வேட்டியில் கட்டினார். போல்ட்டைத் திருகுகிற வேலை எனக்கு. கண்ணாடிக்கு வெளியே கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்களாம், காவ்யா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நாங்கள் தறியைப் பிரிக்கப் பிரிக்க, வெளியே அந்தக் குரல் பரிசு பரிசு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

உதயா இரண்டு வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் படவேட்டுப் பக்கத்து ஆட்கள். கட்டியிருந்த பாவுச் சுருளையும் அக்காவின் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒருவன், "பொம்பளைய தொட முடியாது சார்" என்று ஒதுங்கிக்கொண்டான். உதயா போனில் யாரிடமோ இங்கிலீஷில் கெஞ்சினான். பிறகு என்னிடம் வந்தான்.

"கம்ப்ளெயின்ட் குடுக்கச் சொல்றாங்க. எனக்கு வேற வழி இல்ல. பேர் சொல்லுங்க."

"என் பேர எழுதிக்கங்க. பிரபாகரன். கழட்டினது நானு" என்றேன்.

அக்கா படமரத்தை ஒரு முனையில் தூக்கிக்கொண்டிருந்தது. அதைக் கீழே வைத்தது.

"உன் பேரு எதுக்கு? தறி என்னுது. தம்பி, எழுது. போர்டுல பேருன்னு போட்டு எதையோ எழுதினியே, இப்ப சரியா எழுது. புஷ்பலதா. பரசுராமன் சம்சாரம் புஷ்பலதா. எழுதிட்டியா? படிச்சிக் காட்டு."

அவன் படித்துக் காட்டினான். அக்கா மறுபடியும் மரத்தைத் தூக்கியது.

நாலு நடையில் எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் தெரு ஆட்கள் அதற்குள் மினி லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். உள்ளே நிற்கக் கூச்சமாக இருந்திருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, பாதிப் பேர் புளிச்சோற்றை இலையில் வாங்கியிருந்தார்கள். அருணகிரி முன்சீட்டில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தறி மரங்கள் ஒவ்வொன்றும் ஆள் நீளம். வண்டியில் ஒரு சாண் இடம் இல்லை.

"எறங்குங்க" என்றது அக்கா.

"இன்னாது?"

"எல்லாரும் எறங்குங்க. தறி ஏறணும்."

"நாங்க எப்டிம்மா போறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"எப்டியாவது போங்க. இன்னிக்கி உங்களுக்கு வேல இல்லியே."

கையில் இலையோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். அண்டாவை இறக்கினோம், தண்ணீர் கேனை இறக்கினோம். அண்ணனும் நானும் மரங்களை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். அருணகிரி முன்சீட்டில் அசையாமல் இருந்தார். அக்கா அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றது. "நீங்களும்தான் மாமா. தறி கீற வண்டி. இன்னிக்கு நீங்க தொடக் கூடாது."

அவர் இறங்கினார். காவ்யா முன்னால் ஏறிக்கொண்டாள். அண்ணன் பின்னால் மரங்களுக்கு நடுவே ஏறிப் பாவுச் சுருளை மடியில் வாங்கிக்கொண்டார், அக்கா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. நான் ஒரு காலைத் தூக்கி வைத்தேன்.

"நீ எங்க வர்ற?" என்றது அக்கா.

காலை எடுத்துவிட்டேன். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

சாலையோரம் ஒரு புளியமரம்கூட இல்லை. இருபத்தோரு பேர் அண்டாவைச் சுற்றி நின்றோம். ஜூவுக்கு வருகிற கார்களெல்லாம் எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்துவிட்டுப் போயின. அருணகிரிதான் முதலில் ஆரம்பித்தார். "ஒரு பொம்பள. தெருவே தேடிகினு வந்தா, நடு ரோட்டுல எறக்கி உட்டுட்டுப் போறா. இன்னா திமிரு இருக்கணும்!"

விருத்தாம்பாள் இலையைக் கீழே போட்டாள்.

"அவ வெளிய வரலன்னா நீ இன்னா பண்ணியிருப்ப? வட துன்னுட்டு, போட்டோ புடிச்சிகினு, அவள அந்தக் கண்ணாடிக்குள்ளயே உட்டுட்டு வண்டி ஏறியிருப்ப. நானுந்தான் ஏறியிருப்பேன். வாய மூடிகினு நில்லு."

ஆரணி பஸ் நாலே காலுக்குத்தான். அதுவரைக்கும் அண்டாவைச் சுற்றியே நின்றோம்.